மறையாத சூரியனும் ஒரு போட்டோவும்

வீட்டை ஆளும் மகராசிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தணிந்ததா?

ஓட்டலில் பெட்டி தூக்கினாலும், ஊர் சுற்ற வருகிறவர்கள் வழி கேட்பது என்னிடம்தான். இத்தனை நீளக் கடற்கரையும் எனக்கு அத்துப்படி. உன் அண்ணன் மகளிடம் சொல், மாமாவின் பெருமை அவளுக்கும் தெரியட்டும்.

போன வாரம் வந்த நம்மூர்த் தம்பதி, சூரியன் மறைவதைப் பார்க்க எங்கே போகலாம் என்றார்கள். லீவு போட்டு நானே கூட்டிப்போனேன். மூவரும் கடலையே பார்த்து நின்றோம். சூரியனோ எங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் இறங்கிவிட்டது.

அந்த அம்மா சிரித்தார். "ஏங்க, இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்லையா?"

"வீட்டுக்காரியோடதான் வரணும்னு விட்டு வச்சிருந்தேம்மா."

உடனே அவர் என்னைப் போட்டோ எடுத்தார். "நடுவுல வாங்க" என்றார். நான் ஓரமாகவே நின்றேன். போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்தில் காலியாக இருப்பது உன் இடம்.

வாசலில் வண்டி வந்துவிட்டது, பெட்டி இறக்க வேண்டும். நீ நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அதே அளவில் இருந்தால் என்னிடம் இருக்கும் இன்னொரு பிரதியில் ஒட்டிக்கொள்வேன். செருப்பைக் கழற்றிவிட்டு நில். இங்கே மணல்.