வாயு மூலையில் கனம்

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு மத்தியானம்

என் செல்லம் ஸ்வர்ணாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம், கூடவே ஒரு டப்பா பருப்புப்பொடி.

முதல் தாளில் வழக்கப்படி ‘சௌபாக்கியவதி’ என்று தொடங்கிவிட்டு, இப்போது அப்படி எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் தாளைக் கிழித்துப் போட்டேன். எட்டிப் பார்த்த அப்பா, “அவளோட பாக்கியம் என்ன அந்த ஹரிஷ்குமார் கொண்டுவந்து குடுத்ததா? தாராளமா எழுது” என்றார். அதற்குள் கிழித்தாகிவிட்டது. அதனால்தான் செல்லம்.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் “சரிம்மா, வெச்சுடறேன்” என்கிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நீ அனுப்பிய செய்தியை இரண்டு பேரும் படித்தோம். ஹரிஷ்குமாரோடு இனி வாழ முடியாது என்று அவர் வீட்டை விட்டு வந்து புனேவிலேயே தோழி வீட்டில் இருக்கிறாய் என்பது முன்பே தெரிந்ததுதான். இப்போது, பத்து நாள் வந்து இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன், என் பழைய ரூமைத் துடைத்து வையுங்கள், உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஆபீஸில் பெங்களூருக்கே மாற்றித் தருகிறோம் என்றார்களாம், நீ வேண்டாம் என்றாயாம். அதையும் உன் தம்பி ஸ்ரீஹர்ஷா சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அப்பாவுக்கு என்ன வந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவாரா? காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். போனில் இருக்கிற திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். இரும்பு பீரோ பக்கம் போனபோது முள் தாறுமாறாகச் சுற்றியது. அதையும் திட்டினார்.

அப்பாவின் வாஸ்துப் பைத்தியம் நீ அறியாததல்ல. பொதுப்பணித் துறையில் ரிட்டயர் ஆனதும் அரசாங்கக் கட்டடங்கள் தப்பித்தன, நாம் மாட்டிக்கொண்டோம். தெற்கும் மேற்கும் கனமாக இருக்க வேண்டும், வடக்கும் கிழக்கும் லேசாக இருக்க வேண்டும், அப்போதுதான் வீடு சரியாக நிற்கும் என்பார். தாத்தாவும் அதே கணக்கில்தான் எங்கள் தென்மேற்கு ரூமுக்கு ஒன்றரை அடி கனத்தில் சைஸாக வெட்டிய கருங்கல் சுவர் எழுப்பினார். ஏப்ரல் வெயில்கூட அதைத் தாண்டி உள்ளே வராது. உன் ரூம் பிற்பாடு வடமேற்கில் ஒட்டவைத்தது, மெல்லிசு ஹாலோ பிளாக் சுவர். பக்கத்து வீட்டு குக்கர் எத்தனை விசில் விட்டது என்று படுக்கையிலிருந்தே சொல்வாயே!

அது வாயு மூலை, காற்றுக்கு உரிய இடம். அங்கே இருப்பவர்கள் நிலைக்க மாட்டார்கள், அதனால் விருந்தாளிக்கும் கல்யாண வயதுப் பெண்ணுக்கும்தான் அந்த ரூம் என்று அப்பா உன்னை அங்கே மாற்றினார். அந்த வருஷமே வரன் வந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே தெருவில் பாதிப் பெண்களின் படுக்கையை வடமேற்குக்கு மாற்றிவைத்தவர் உன் அப்பா.

போன திங்கட்கிழமை சந்திரன் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நம் மாடித் தொட்டியைக் கட்டினாரே, அவர்தான். உன் ரூம் சுவருக்கு உள்பக்கமாகச் செங்கல் வைத்து நன்றாகக் கனமாக்க வேண்டும் என்றார் அப்பா. நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

மேஸ்திரி திகைத்துப்போய், “சந்தானம் சார், நீங்களே வாஸ்து பாக்குறவரு. வாயு மூலைல போயி கனம் ஏத்தலாமா? பொண்ணு ரூமுங்கறீங்க. அப்புறம் பொண்ணு வீட்ட வுட்டு நகராது சார்” என்றார்.

“அதுக்குத்தான்பா” என்றார் அப்பா.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நீ கல்யாணமாகிப் போன நாள் முதல், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்றுகூட உன்னிடம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷர். மேஸ்திரியிடம் போய்ச் சொல்கிறார்!

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். செங்கல் ஏற ஏற ரூம் சுருங்கியது. கட்டிலைப் போட்டால் கதவு திறக்கவில்லை, கதவைத் திறந்தால் அலமாரி திறக்கவில்லை. பெண்ணுக்கு ரூம் கட்டுகிறீர்களா ஜெயில் கட்டுகிறீர்களா என்று கத்தினேன். அவருக்கோ வேறு கவலை. வடமேற்கில் இவ்வளவு கனம் ஏறினால் தென்மேற்கில் அதைவிட அதிகம் ஏற வேண்டுமாம், இல்லாவிட்டால் வீடு ஒரு பக்கம் சாய்ந்த கணக்காம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அங்கதான் நீ படுத்துக்கறியே, கனத்துக்கு என்ன குறைச்சல்” என்று சிரித்தார். மேஸ்திரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இருக்கட்டும், நீ வந்ததும் இதற்கு ஒரு நியாயம் சொல்.

ஆனால் அந்தப் பேச்சில்தான் எனக்கு வழி தெரிந்தது. வைத்த செங்கல்லைப் பிரித்துவிட்டு வெள்ளையடித்துக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். நகரக் கூடாதவள் கனமான ரூமுக்கு வரட்டும், நாம் வாயு மூலைக்குப் போய்விடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. தென்மேற்கு குடும்பத் தலைவனுக்கு உரியதாம். காஸ் புக் பண்ணுவது நான், கரண்ட் பில் கட்டுவது ஸ்ரீஹர்ஷா, நீங்கள் எதற்குத் தலைவர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தலையணையையும் மாத்திரை டப்பாவையும் தூக்கிக்கொண்டு அவரே உன் பழைய ரூமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

கட்டிலைப் போட்டதும் அதில் உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு ராஜி. கிளம்ப வேண்டியவா இருக்கற ரூம்தானே இது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

எதிர்வீட்டு அம்மாள் நேற்று வாசலில் பிடித்துக்கொண்டு, “மகளு பர்தாளந்தே, எஷ்டு தின இர்த்தாளெ?” என்று கேட்டாள். மகள் வருகிறாளாமே, எத்தனை நாள் இருப்பாள் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. “இல்லே இர்த்தாளெ” என்றேன். இல்லை என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துகொண்டிருக்கிறேன், ஆனால் கன்னடத்தில் அதே ‘இல்லே’க்கு இங்கேயேதான் என்று அர்த்தம். எனக்கு இனி அந்த பாஷையே போதும்.

பாரமாக இருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, கண்ணம்மா, இரு. பாரமாகவே இரு. இந்த வீட்டுக்குத் தென்மேற்கில் பாரம் வேண்டியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, நன்றாகத் தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராது. பெருமாள் பார்த்துக்கொள்வார், அவர் அசந்தால் நான் இருக்கிறேன்.

உன் அம்மா
ராஜலக்ஷ்மி

அப்பா ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

ஸ்வர்ணா, ரயிலில் வருவதற்கு மட்டும் டிக்கெட் எடு. அப்பா.