படம் இல்லாத முப்பத்தாறாம் அட்டை

3-3-87, செவ்வாய்
காலையிலேயே நல்ல வெயில். போர்வைகூடக் காய்ந்துவிட்டது.

வேலை முடிந்து சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். மளிகைக் கடையில் சரமாகத் தொங்கும் ஜப்பான் பட அட்டைப் பொட்டலத்தில் இரண்டு பிய்த்தேன். இரண்டிலும் 12-ஆம் நம்பர். வீடியோ கேமில் வரும் தவளை வீரன், குடை பிடித்தபடி. இதோடு 12 மட்டும் ஐந்து.

கடைக்கார அண்ணன்: "பேரப்பிள்ளைக்கா?"
"எனக்குத்தான்ணே. உங்களுக்கு வேணும்னா கிலுகிலுப்பை வாங்கித் தரேன்."

1 முதல் 35 வரை என்னிடம் உண்டு. 36 மட்டும் இல்லை. கேமில் கடைசியில் வரும் பூத ராஜாவாக இருக்கும். ரோசம்மாவுக்கும் 36தான் பாக்கியாம். அவளும் நானும் ஒரே ஜப்பான் கடையில் மூன்றாம் மாடி துடைப்பவர்கள். கேம் மெஷின் இருக்கும் மாடி. இந்த அட்டைப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். பந்தயம்: முதலில் 36-ஐயும் சேர்ப்பவளுக்கு மற்றவளுடைய செட் முழுக்கச் சொந்தம்.

4-3, புதன்
மதியம் மழை. ரோ. நெற்றியில் சாம்பலோடு வந்தாள்.

"என்ன, நீயும் திருநீறு பூச ஆரம்பிச்சிட்டியா? சொல்லியிருந்தா பழனி விபூதியே குடுத்திருப்பேன்லா."
"வாயை அடக்குடி. தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் அட்டையைத் தொடறதில்லைன்னு விட்டுட்டேன்."

போன வருஷம் காப்பியை விட்டாள். நாற்பது நாளும் என் மேல்தான் எரிந்து விழுந்தாள். இந்த வருஷம் எனக்கு லாபம். போட்டிக்கு ஆளே இல்லை.

வாங்க வேண்டியது: புளி, சவர்க்காரம், 36.

6-3, வெள்ளி
ஜப்பான் சூப்பர்வைசர் அம்மாவிடம் ஆல்பத்தைக் காட்டி, 36 என்ன படம் என்று கேட்டேன்.
"நோ பிக்சர். ஒன்லி ரைட்டிங். லிஸ்ட்." மற்ற அட்டைகளின் பேரெல்லாம் வரிசையாக என்று காற்றில் எழுதிக் காட்டினார்.

அப்படி ஒன்று வந்ததே. தீபாவளிக்கு முன்னால். வெறும் ஜப்பான் எழுத்து. விளம்பரம் என்று நினைத்தேன். படம் இல்லாததை யார் திருப்பி நம்பர் பார்ப்பார்கள்? உறையில் போட்டு ரோ. பிறந்தநாளுக்கு நீட்டினேன். ஜப்பான்காரன் ஒருத்தன் உனக்கு லெட்டர் கொடுத்தான் என்றேன். சிரித்துவிட்டு ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆக, அவள் ஜெயித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. சொன்னால் என் செட் போச்சு. சொல்லாவிட்டால்?

சாப்பாடே இறங்கவில்லை. ஆறு இட்லி மட்டும்.

8-3, ஞாயிறு
பூசை முடியும்வரை மாதா கோயில் வாசலில் நின்றேன். ரோ. வெளியே வந்ததும் கொட்டிவிட்டேன்.

"நீ ஜெயிச்சிட்டே. அந்த லெட்டர்தான் 36."

அவள் அசரவே இல்லை. ஜெபப் புத்தகத்தைத் திறந்து சாய்த்தாள். அட்டை வழுக்கி என் கையில் விழுந்தது. அவள் விரல் படவில்லை.

"குடுத்த அன்னிக்கே பின்னால திருப்பிப் பாத்துட்டேன். இத்தனை மாசமா நீ பூத ராஜா, பூத ராஜான்னு அலைஞ்சியே, அந்தச் சுகம் எந்த செட்டுலயும் வராதுடி."

ஊரையே கிண்டல் செய்கிறவள் நான். என்னையே ஏய்த்தவளிடம் அட்டையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டேன்:

"சரி, என் ஆல்பத்தை எப்ப எடுத்துக்கறே?"
"எப்படி எடுக்கறது? தவக்காலம் முடியட்டும், ஈஸ்டருக்கு வரேன். அதுவரைக்கும் என்னோடதையும் நீயே வச்சிரு. வீட்டுல இருந்தா கை நமநமங்குது."

அவள் வீட்டு அலமாரியிலிருந்து அவளுடைய அட்டைகள் இருந்த பிஸ்கட் டின்னை நானே எடுக்க வேண்டியிருந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பாய் விரித்து 1 முதல் 36 வரை வரிசையாக அடுக்கினேன். தோற்றவள் நான்; ஈஸ்டர் வரை இரண்டு செட்டும் என் வீட்டில். பறக்கக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டேன். வேர்க்கிறது.