நான்கு எழுத்துக் காலியிடம்

2-7-2007, திங்கள்
இரணியலில் ரயில் ஏறும்போதே சிரிப்பு. நானே தனியாக எழுதிய முதல் புரோகிராம், இன்ஷூரன்ஸ் பாலிசிகளை எண்ணுவது, நாளை மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஓடப்போகிறது! வெள்ளியோடு ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடிகிறது. புரோகிராம் சரியாக வந்தால் திருவனந்தபுரம் ஆபீஸில் வேலை நிரந்தரம். வராவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். வரும், வராமல் எங்கே போகும்?

3-7-2007
ஓடியது. மொத்த பாலிசிகள்: பூஜ்யம்.

4-7-2007
தலை கிறுகிறுக்கிறது, இருந்தும் சிரிப்புதான் வருகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் டேட்டாபேஸ் தன் பதிலை கம்ப்யூட்டர் நினைவகத்தின் ஒரு சின்னப் பகுதியில் எழுதி வைக்கும். நமக்குத் தருவது அந்த இடத்தின் முகவரி மட்டும். முதல் எட்டு எழுத்து இது, அடுத்த இரண்டு அது என்று நாம்தான் அளவுப் பட்டியல் போட்டுப் படிக்க வேண்டும். அதில் நிலை சொல்லும் இரண்டு எழுத்தும் வெறுமை. வெறுமை என்றால் ‘எல்லாம் சரி’. எல்லாம் சரின்னா எனக்க பாலிசியெல்லாம் எங்க போச்சு?

டீம் லீடர் ஜெயசிங் சார், “வெள்ளிக்கெழம ஒன்னப் பத்தி மேல எழுதிக் குடுக்கணும், கேட்டியா?” என்றார். கேட்டது, நல்லாவே கேட்டது.

5-7-2007
கண்டுபிடித்தேன்! ரயிலில்!

குழித்துறையில் ஏறும் கபிரியேல் சாருக்காக எங்கள் கூட்டம் தினமும் கைக்குட்டை போட்டு ஜன்னலோர இடம் பிடித்து வைக்கும். இன்று அவர் லீவு. நின்றவர் ஒருவர், “ஆளு வரல்லேல்லா, நீங்கி இருங்க” என்றார். “அது கபிரியேல் சாருக்க எடமாக்கும்” என்றாள் குளோரி அக்கா. ஆளே இல்லை, இடம் மட்டும் இருக்கிறது! சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். ஐயோ, அந்த நாலு எழுத்து!

பட்டியலின் நடுவே ‘ஒதுக்கப்பட்டது’ என்று நான்கு எழுத்து இடம். யாருக்கும் உதவாமல் கிடக்கிறதே என்று போன வாரம் நான்தான் வெட்டி எறிந்தேன். டேட்டாபேஸுக்கு அது தெரியுமா? அது வழக்கமான இடத்திலேயே எழுதுகிறது. நான் நாலெழுத்து முன்னாலேயே படிக்கத் தொடங்கி, ‘பாலிசி’ என்ற பெயர் இருக்கும் இடத்தில் பாதிக் குப்பையும் பாதிப் பெயரும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்தால்தான் எண்ணச் சொல்லியிருந்தேன், பிறகு புரோகிராம் எப்படி எண்ணும்?

வெட்டியதைத் திரும்பப் போட்டேன். 41,306! நாற்காலியிலிருந்து குதித்தேன். சாரிடம் மறைக்கத் தோன்றவில்லை, எல்லாம் சொன்னேன்.

“அத எதுக்குட்டி வெட்டுன?”

“சும்மாதானே கெடக்குன்னு...”

“சும்மா கெடந்தா வெட்டிருவியா?”

சிரித்தாரா, முறைத்தாரா? சொல்லியிருக்கக் கூடாதோ?

6-7-2007
சார் மேலே எழுதி அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்று சொல்லமாட்டாராம். மனுஷனா அவர்!

10-7-2007
காலையில் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட். நேற்று சார் கையில் தந்த ஆபீஸ் கடிதம் பையில். “ஒரு மாசந்தானே?” என்று வழக்கம்போல் கவுண்டரில் இருந்தவர் கேட்டார். “மூணு மாசம்!” என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.