மொன்செராத்தே மலையில் எடுத்த படம்

அம்மா, முதலில் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பேக்கரி வேலை, பொகோத்தா குளிர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெர்னேயும் நானும் மொன்செராத்தே மலைக்குப் போனோம். பதறாதீர்கள்! கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக ஏறினால் கல்யாணமே நடக்காது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் நான் கேபிள் காரில் போனேன், அவர் மலை ரயிலில் வந்தார். மலையையே ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்தோம்.

மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்க வெயில். கோயில் வாசலில் படம் எடுப்பவர், "காதலர்களா? ரொம்பத்தான் தைரியம் உங்களுக்கு!" என்று சீண்டினார்.

"ஐயோ, இவரு எங்க அண்ணங்க" என்றேன். உள்ளே சிலுவையோடு விழுந்து கிடக்கும் ஆண்டவர் காதில் விழும்படி சொல்லிவிட்டேன், அம்மா.

ஃபெர்னே சிரிக்கவில்லை. "அப்படியே இருக்கட்டும், தங்கச்சி" என்று தள்ளி நின்றார். படம் எடுத்து முடிப்பதற்குள் மேகம் ஏறி ஊர் மறைந்துவிட்டது.

தனித்தனியாகவே இறங்கினோம். நான் கீழே ரயில் வாசலில் நின்றேன். கடைசி ரயிலிலும் அவர் இல்லை. கூட்டத்தில் என்னைத் தவறவிட்டிருப்பார். போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது. இன்று வியாழக்கிழமை.

என் பழைய கம்பளியை அனுப்புங்கள். தையல்கார நுபியா அக்காவிடம் கல்யாண கவுனுக்கு எடுத்த அந்த வெள்ளைத் துணியை இப்போது வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஏற்கெனவே வெட்டியிருந்தால் எனக்குச் சொல்லாதீர்கள்.

உங்கள் யோலிமா