ஐந்தாம் பக்கத்திலிருந்து

வத்தேகம
12.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒக்சிஜன் மெஷின் பத்திரமாக வந்தது. பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவும் நானும்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினோம். குழாயை மூக்கில் மாட்டியதும் அப்பாவின் உதட்டில் இருந்த நீலம் போய்விட்டது. "இப்ப மூச்சு விடுறது நானா, இதுவா?" என்று சிரிக்கிறார்.

ஆனால் நேற்றிலிருந்து மஞ்சள் லைட் எரிந்து கீச் கீச் என்று கத்துகிறது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன், புத்தகம் இல்லை. ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டியிருக்கிறது. அதைப் போனில் பிடித்தால் புத்தகம் வருமாம். நம்மிடம் இருப்பது பட்டன் போன். கடைத்தெருவில் யாரையாவது கேட்கச் சொல்கிறார் அப்பா. தெரியாதவர்கள் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். போனில் பேசினால் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. காகிதத்தில் எடுத்து அனுப்புங்க அக்கா. பயமாக இருக்கிறது.

உங்கள் தர்ஷனா

கொழும்பு
16.03.2024

அன்புத் தங்கச்சி,

பயப்படாதே. வாங்கின கடையில் சண்டை பிடித்தேன். "இப்ப யார் மிஸ் புத்தகம் அடிக்கிறாங்க?" என்கிறான். என் போனில் இறக்கிப் பிரின்ட் எடுத்துவிட்டேன். முதல் நாலு பக்கமும் எச்சரிக்கை. ஃபேனுக்கும் ரைஸ் குக்கருக்கும் போடுகிற அதே கதை, யாரும் வாசிப்பதில்லை. அதனால் ஐந்தாம் பக்கத்திலிருந்துதான் எடுத்தேன். இங்கிலீஷுக்குக் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டு, கத்தல் நிற்கும்.

நீ பள்ளிக்கூடத்தை விட்டதால்தான் நான் இங்கே வேலை செய்கிறேன். மறக்கமாட்டேன்.

அக்கா சுபாஜினி

வத்தேகம
21.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். கத்தல் நின்றது. அப்பா கொத்துரொட்டி கேட்டுச் சாப்பிட்டார்!

இருமலுக்கு ஆகாதென்று நிறுத்தியிருந்த வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நாளைக்குப் போடச் சொல்கிறார். நீங்கள் அனுப்பியதை முழுக்கப் பார்த்தேன். கூடாதென்று எங்கும் இல்லை. போடலாம்தானே?

உங்கள் தர்ஷனா

வத்தேகம
30.04.2024

அக்காவுக்கு,

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நீங்கள் பஸ் ஏறும்வரை சொல்லப் பார்த்தேன். வீடு நிறைய ஆட்கள்.

எல்லாரும் கரண்ட் கோளாறு என்கிறார்கள். கரண்டால் வந்ததில்லை. சாம்பிராணித் தட்டைக் கட்டிலைச் சுற்றிக் காட்டினேன். "கிட்டக் கொண்டா புள்ள, வாசம் வரட்டும்" என்றார் அப்பா. ஒரு பொறி போர்வையில் விழுந்தது. கை நீட்டுவதற்குள் குழாயோடு முகத்துக்கு ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்து சேர்வதற்கு முன் டொக்டர் கேட்டார். "ஒக்சிஜன் ஓடுற இடத்துல நெருப்பா? முதல் பக்கத்துலயே படம் இருக்குமே, பார்க்கலையா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புதுக் குழாய் போட்டால் மெஷின் ஓடும். கமலம் அக்கா தன் மாமனாருக்குக் கேட்கிறார். அதோடு கொடுக்க அந்த முதல் நாலு பக்கத்தையும் அனுப்புங்க. காகிதம் மட்டும் போதும். கூட ஒன்றும் எழுத வேண்டாம்.

தர்ஷனா