கிதார் காயும்வரை நெல் அவிக்காதே

அருளாயி,

கிதாருக்குக் கம்பி வாங்கத் திருச்சிக்குப் போகிறேன், கரியில் ஓடும் பஸ்ஸில். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

இன்று நெல் அவிக்காதே. போன தடவை அந்த ஆவி பட்டுத்தான் கிதாரின் அரக்குப் பூச்சு பால் கொட்டினாற்போல் வெளுத்தது. "நெல்ல அவிக்காம ஒங்க கிதாரையா அவிச்சுத் திங்கிறது?" என்றாய். அதற்கு நான் கத்தியது அதிகம்தான்.

வெளுத்ததை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து நேற்று மறுபடி பூசினேன். தேய்த்ததில் முகப்புப் பலகை மெலிந்து, கட்டைவிரல் வைத்தால் அமுங்குகிறது. கம்பி ஏற்றினால் தாங்குமோ தெரியவில்லை. இன்னொரு முறை தேய்க்க மரம் இல்லை.

பேண்டு மாஸ்டர் தன் கிதாரைக் கேட்டு மதியம் வந்தால், வாசலிலேயே உட்காரவைத்து மோர் கொடு. பூச்சு காயவில்லை என்று சொல். "அது பாடலைன்னா ஒன்னையப் பாட வைப்பேன்டா" என்று போன வாரம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சவரிமுத்து

கஞ்சி மூடியிருக்கிறது. எனக்காகக் காத்திராதே.

இன்னொன்று. காலையில் கிதாரின் முதுகைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் செத்துக் கேட்டது. என் பயத்தில் அப்படிக் கேட்டதோ என்னவோ. கோயிலில் பாடுகிறவள் நீ. உன் காது பிசகாது. முகப்பைத் தொடாமல் நீயும் ஒரு தடவை தட்டிப் பார். உள்ளதை உள்ளபடி சொல். ஆனால் நான் சாப்பிட்ட பிறகு சொல்.