உடன் இருந்தவர்

அன்பும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் உள்ள சித்திக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பீர்கள். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு கேள்வி கேட்டால் உங்கள் பக்கம் உடனே சிக்னல் போய்விடுகிறது. பிள்ளைகளின் படிப்பு, என் முடி கொட்டுவது, மாப்பிள்ளையின் தொப்பை, இதற்கெல்லாம் சிக்னல் கணீரென்று இருக்கிறது. அம்மாவுக்கு எத்தனை வயதில் ஆரம்பித்தது என்று வாயைத் திறந்தால் மட்டும் "ஹலோ, ஹலோ, காதுலயே விழல." காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் போதும் என்று நானும் இவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டோம். மூன்றாவது வராமல் பார்த்துக்கொள்ள என்ன வழி என்பதில்தான் உங்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம். மாத்திரை போடுகிறேன் என்றேன். உடம்பு பெருத்துவிடும், தொடாதே என்றீர்கள். காப்பர் டி வைத்துக்கொள்கிறேன் என்றேன். இடுப்பு போய்விடும் என்றீர்கள். இவர் பாவம், தானே ஆபரேஷன் செய்துகொள்வதாக வலிய முன்வந்தார். "உழைக்கிற உடம்பு, அதைப் போய் அறுக்கச் சொல்றியே" என்று அதற்கும் என்னைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். அப்படியென்றால் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அறையில் சாமியாராகிவிட வேண்டியதுதான். எங்களிடம் இருப்பதே ஒன்றரை அறை.

நீங்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நான் எட்டு மாதம் மாத்திரை போட்டது உங்களுக்குத் தெரியும். போன வருடம் பத்து நாள் வந்து தங்கியபோது சமையலறை இழுப்பறையில் அந்த அட்டையைக் கண்டுபிடித்தீர்கள். ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிக் கழுவுதொட்டியில் போட்டீர்கள். அதோடு விட்டிருந்தால் சித்தியின் வழக்கமான அதிகாரம் என்று நினைத்திருப்பேன். ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அழுதீர்கள். நான் குண்டாகிவிடுவேன் என்பதற்காகவா ஒரு மனுஷி அப்படி அழுவாள்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு.

அதன் பிறகு ஆணுறையை நம்பி ஓட்டினோம். போன மாதம் நாள் தள்ளிப்போய்விட்டது. ஒன்பது நாள். கூட்டிக் கழித்துப் பார்த்தே நான் பாதி ஆளாகிவிட்டேன். இவர் காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் பல் துலக்கப் போய்விடுவார். பத்தாம் நாள் காலையில் வந்தது. உங்கள் பேச்சுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

டாக்டரம்மா நிதானமானவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். ஆனால் கேள்வி கேட்பதில் அப்படியில்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்று சொன்னதும் பேனாவைத் திறந்தார். எந்த வயதில் தெரிந்தது? எந்தப் பக்கம்? ஒரு பக்கமா, இரண்டுமா? அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் வேறு யாருக்காவது? நான் எல்லாவற்றுக்கும் தெரியாது, தெரியாது என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வயதுப் பெண், பெற்ற தாய் எதனால் செத்தாள் என்று முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே அசிங்கமாக இருந்தது. அந்த நோயின் பெயர் தெரிந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான், அதுவும் பழைய பையில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டில். அதுவரை நீங்களும் அப்பாவும் எனக்குச் சொன்னது ரத்தசோகை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தது என்பதற்காக மட்டும் மாத்திரையே கூடாது என்று இல்லையாம். ஆனால் நெருங்கிய உறவில் பலருக்கு, அதுவும் சின்ன வயதில் வந்திருந்தால், அது பரம்பரையாக இறங்குகிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் ஹார்மோன் கலந்தவற்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமாம். காப்பர் டியில் ஹார்மோன் கிடையாது, இடுப்பும் போகாது. ஆனால் எனக்கு ஏற்கெனவே மாதம் ஏழு நாள் கொட்டுகிறது, அது இன்னும் கூடலாம். அந்தப் போக்கைக் குறைக்கிற இன்னொரு சாதனம் உண்டு, அதில் ஹார்மோன் உண்டு. இவர் ஆபரேஷன் செய்துகொண்டால் குழந்தைப் பிரச்சினை தீரும், ஆனால் என் உடம்பில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். பெரியவளுக்கு ஏழு வயது, அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னார். நோய் வந்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர் ரத்தத்தைப் பார்ப்பதுதான் சரியாம். அதில் ஏதாவது அகப்பட்டால் என்னிடம் அதையே தேடிப் பார்க்கலாம். அகப்படாவிட்டாலும் அது ஒரு தகவல். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் போனில் கேட்டேன். அம்மாவுக்கு எந்த வயதில் தெரிந்தது என்றால் "அவ என்னைக்கு உண்மையான வயசைச் சொன்னா" என்று சிரிக்கிறார். பெரியம்மா எதனால் போனார் என்றால் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்கிறார். நீர் ஏன் கோத்தது என்றால் "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, சாப்ட்டியா" என்கிறார். கல்லுளிமங்கர்தான் அப்பா. எனக்கு மண்டை காய்கிறது. யாரோ களவு செய்துவிட்டு ஒளித்து வைத்தது போல ஒரு குடும்பமே சேர்ந்துகொண்டு பூசி மெழுகினால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் அட்டைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓர் அட்டை உண்டு. எந்தத் தேதியில் என்ன பழுது, ஏன் வந்தது, என்ன செய்தார்கள், எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எங்கள் மெக்கானிக்குகளில் ஒருவர் எந்தக் கட்டத்திலும் "சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வார்த்தையை எழுதிவிட்டு நழுவப் பார்ப்பார். நான் விடமாட்டேன், அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கதவு ஏன் மூடவில்லை ஐயா, மோட்டாரா, உருளையா, யாராவது சைக்கிளை இடுக்கினார்களா? காரணம் தெரியாவிட்டால் அடுத்தமுறை போகிறவன் எதைப் பார்ப்பான்? நாலு மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்குகிற ஓர் இரும்புப் பெட்டிக்கு இத்தனை மரியாதை இருக்கிறது. நூலகத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற உங்களுக்கு, கூடப்பிறந்த அக்காவைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கத் தோன்றவில்லை.

இத்தோடு நிறுத்துகிறேன். சின்னவன் பேனா மூடியை மூக்கில் செருகிக்கொள்ளப் பார்க்கிறான்.

சித்தி, மேலே உள்ளதை எழுதி மூன்று நாளாகிறது. தபாலில் போடவில்லை. இன்று உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். நர்ஸ் முதலில் பிரஷர் பட்டையை எடுத்துக்கொண்டு வந்து எந்தக் கை என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். எனக்குச் சட்டென்று உங்கள் ஞாபகம் வந்தது.

போன வருடம் தெருமுனை மருந்துக்கடையில் பிரஷர் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? கடைக்காரம்மா இடது கையை நீட்டச் சொன்னார். நீங்கள் எழுந்து, நாற்காலியையே திருப்பிப் போட்டு உட்கார்ந்து, வலது கையைக் கொடுத்தீர்கள். குழாய் எட்டவில்லை என்று அவர் முணுமுணுத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு "அது வாட்ச் கட்டுற கை" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் கையில் வாட்சே இல்லை. உங்கள் பிடிவாதம் தெரிந்ததுதானே என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. இடது கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எனக்குப் பதினைந்து வயது. ஏன் என்று உங்களிடம்தான் கேட்டேன். அம்மாவுக்கு அந்தக் கையில் நரம்பு மெலிசு என்றீர்கள். இன்று அந்த நர்ஸிடம் கேட்டேன். மார்பை எடுக்கும்போது அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையை அப்படிப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து பெரியவளிடம் உங்களைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "அவங்க எப்பவும் தலையணையை இந்தப் பக்கம் கட்டிப் பிடிச்சுட்டுத்தான் என்னை மடியில உக்கார வைப்பாங்க" என்று தன் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். ஏழு வயதுக் குழந்தை கவனித்ததை நான் கவனிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்கு நடந்தது பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொன்னீர்கள். நானும் நம்பி, எண்ணெயைக் குறையுங்கள் என்று போனில் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். நீங்களும் சரி சரி என்று கேட்டுக்கொண்டீர்கள். அதை நினைத்தால் உங்களை உலுக்க வேண்டும் போலவும் இருக்கிறது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது. மாத்திரையைத் தொடாதே என்று நீங்கள் ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்ததும் அப்போதுதான். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் கேட்டிருப்பேனே, சித்தி. அதை மறைக்க உடம்பு பெருக்கும், இடுப்பு போகும் என்று என்னென்ன கதை!

ஏன் மறைத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற பதினைந்து வயதுப் பெண்ணாக நான் ஆகிவிடக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நான் இப்போது இரண்டு பிள்ளை பெற்றவள். அடங்காத பதினெட்டு மெக்கானிக்குகளை மேய்க்கிறவள். தாங்குவேன்.

இதோடு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலக அட்டைதான், மேலே லிஃப்ட் எண் என்று இருப்பதை அடித்துவிட்டேன். மூன்று வரிகள். முதல் வரி அம்மா, இரண்டாவது வரி பெரியம்மா. மூன்றாவது வரியில் பெயரை நான் எழுதவில்லை, நீங்களே எழுத வேண்டும். எந்த வயதில், எந்தப் பக்கம், என்ன சிகிச்சை, இப்போது எப்படி, எல்லாம் நிரப்புங்கள். தயவுசெய்து "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள், திருப்பி அனுப்புவேன். இருபதாம் தேதி டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் கொடுக்க நீங்களும் சம்மதித்தால் அதற்கு என்ன செய்வது என்று கேட்டு வருகிறேன். யாரும் உயிரோடு இல்லை என்று நான் அன்றைக்குச் சொன்னதையும் அவரிடம் திருத்த வேண்டும்.

அட்டையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். "உடன் இருந்தவர்" என்று இருக்கும். லிஃப்ட் குழிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, மேலே ஒருவர் நிற்க வேண்டும், அவர் கையெழுத்து இல்லாத அட்டையை நான் வாங்கமாட்டேன். அம்மாவின் வரியில் அந்தக் கட்டத்தில் சித்தி என்று எழுதியிருக்கிறேன். பெரியம்மாவுக்கும் நீங்கள்தான் இருந்திருப்பீர்கள். உங்கள் வரியில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த ஆபரேஷனுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாகத்தானே போனீர்கள்?

அதனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் உங்களிடம் விடவில்லை. என் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். வேலை நடப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டால் எங்கள் அலுவலகத்தில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பரவாயில்லை. உங்கள் அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று எழுதுங்கள். லீவு சொல்லிவிட்டு வருகிறேன்.

பிள்ளைகள் முத்தம் தரச் சொன்னார்கள். இவர் உங்களை விசாரித்தார். ஆரம்பத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். குத்துக்கல் கதையெல்லாம் வேண்டாம்.

நலமாக இருக்கிறீர்களா, சித்தி?

பதில் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் அக்கா மகள்,
நீங்கள் பெயர் வைத்த அதே முந்திரிக்கொட்டை